உரக்கடை டைரி

எங்கள் ஊரில் ஜனவரி பிறந்தால் உரக்கடைக்காரர் டைரி கொடுப்பார். வருடம் முழுக்கக் கணக்கு வைத்து வாங்குகிறவர்களுக்கு டைரி, மற்றவர்களுக்கு மாதக் காலண்டர். பச்சை அட்டை, முகப்பில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் பெயர், உள்ளே ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம். அடியில் ஒரு குறள். பெரும்பாலான வீடுகளில் அந்த டைரி பால்கணக்குக்கும் பிள்ளைகள் கிறுக்குவதற்கும் போய்விடும். எங்கள் வீட்டிலும் 2004 வரை அப்படித்தான் போனது.

2005 ஜனவரி 1, சனிக்கிழமையிலிருந்து நான் அதில் எழுதுகிறேன். 2024 டிசம்பரோடு இருபது டைரி நிரம்பிவிட்டது. எனக்குப் பேராவூரணிப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. படிப்பு பத்தாவதோடு நின்றது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் திண்ணை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தால், தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்: "தினமும் என்னதான் எழுதுறீங்க, அதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?" அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இங்கே உட்கார்ந்து சொல்கிறேன்.

ஆரம்பித்தது பணத்துக்காக. 2004 ஐப்பசித் தேங்காய் வெட்டு முடிந்து காய் வியாபாரியோடு கணக்குப் பார்த்தபோது, முன்பணம் ஆறாயிரம் கொடுத்திருக்கிறேன் என்றார் அவர். நாலாயிரம்தான் வாங்கினேன் என்பது என் ஞாபகம். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். என் கையில் காட்ட ஒன்றும் இல்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, இன்றைக்கும் அவருக்குத்தான் காய் போடுகிறேன். ஒருவேளை அவர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். ஆனால் சரியா தவறா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை என்பதுதான் அன்று ராத்திரி முழுக்க உறுத்தியது. நோட்டு வைத்திருப்பவர் சொல்வதுதான் கணக்கு. அடுத்த ஜனவரியில் டைரி கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் எழுதினேன்: "தோப்பில் மரம் 208. மட்டை பொறுக்கியது 2 ஆள். கூலி கொடுத்தாயிற்று."

முதல் இரண்டு வருடம் வெறும் எண்கள்தான். எத்தனை காய், எத்தனை கழிவு, ஏறுகிறவருக்கு மரத்துக்கு எவ்வளவு கூலி, மோட்டாருக்கு எந்தத் தேதி காயில் (கம்பிச்சுருள்) கட்டினது, யூரியா எத்தனை மூட்டை, எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது. நாலைந்து வரிக்கு மேல் ஒரு நாளும் போகாது. ஆனால் அந்த நாலைந்து வரி சும்மா கிடக்கவில்லை.

தண்ணீரைச் சொல்கிறேன். நாங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடை. பெரியவர்கள் அதைப் புதாறு என்பார்கள், 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பது வழக்கம் என்று பேப்பரில் போடுவார்கள். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு கடைமடைக்காரன் எதையும் திட்டமிட முடியாது. மேட்டூரில் திறந்து, கல்லணைக்கு வந்து, அங்கே முறை வைத்துப் பிரித்து, வழியில் மதகு மதகாக நின்று, எங்கள் வாய்க்காலில் பாசி நகரும்போதுதான் அது எங்களுக்குத் தண்ணீர். 2020-ல் எட்டு வருடத்துக்குப் பிறகு ஜூன் 12-லேயே திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் திறந்த தேதியையும், எங்கள் வாய்க்காலில் கால் நனைந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஏழெட்டு வருடம் சேர்ந்த பிறகு அக்கம்பக்கத்தில் நாற்று விடுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். "அண்ணே, உங்க டைரியப் பாத்துச் சொல்லுங்க, போன தடவ எத்தன நாள் ஆச்சு?" அதுவரை ஊரில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைக்கும் வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று தென்னையைப் பற்றி. இதை டைரி இல்லாமல் நான் கற்றிருக்கவே மாட்டேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்தச் சமயத்தில் என் தோப்பில் காய் பெரிதாகக் குறையவில்லை. தப்பித்தோம் என்று எழுதியிருக்கிறேன். 2018-ல் நல்ல தண்ணீர் பாய்ச்சியும் குலை குலையாகக் குரும்பை, அதாவது பிஞ்சுக் காய், கொட்டியது. உரம் சரியில்லை என்று கடையை மாற்ற நினைத்தேன். அப்போதுதான் பழைய டைரிகளை எடுத்து, வெட்டுக் கணக்கை ஒரு தாளிலும் மழைக் கணக்கை இன்னொரு தாளிலும் எழுதி இரண்டையும் அருகருகே வைத்தேன். ஒவ்வொரு வறட்சிக்கும் அடி அந்த வருடம் விழவில்லை, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும்தான் விழுந்திருக்கிறது. வேளாண் அலுவலரிடம் கேட்டேன். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம், அந்தப் பாளையோ வெடிப்பதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்பே குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடும் என்று விளக்கினார். மரம் பட்ட தாகத்தை உள்ளேயே வைத்திருந்து பிறகு காட்டுகிறது. மனிதனுக்கும் அப்படித்தான் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எண்களிலிருந்து வார்த்தைக்கு நான் நகர்ந்ததற்கு ஒரு பழைய மனிதர் காரணம். 2010-ல் ஒரு கல்யாணத்துக்குப் புதுச்சேரி போயிருந்தோம். ரங்கப்பிள்ளை வீதியில் நடந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சுக்காரர் காலத்து வணிகர், கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் தரகராக, இருந்தவர். 1736-லிருந்து 1761-ல் இறக்கும் வரை, இருபத்தைந்து வருடம், தமிழில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அது இலக்கியம் என்று நினைத்து எழுதியதில்லை. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், துணி என்ன விலை, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று ஒரு வியாபாரி எழுதி வைப்பது போலத்தான் எழுதினார். நடுநடுவே ஊரின் உயிர் வந்துவிடுகிறது. 1748-ல் புதுச்சேரியை இங்கிலீஷ்காரர் முற்றுகையிட்டது அதில் இருக்கிறது. அதே சமயத்தில் பிரெஞ்சுக்காரர் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததும், அதைக் கண்டு ஊர் தவித்ததும் இருக்கிறது. அன்றைய பேச்சுத் தமிழ், அதில் கலந்திருந்த பிரெஞ்சு, பாரசீக வார்த்தைகளோடு அப்படியே இருக்கிறது.

அந்தப் பெரியவர் சொன்ன ஒன்று மனதில் நின்றது. "தம்பி, அவர் கணக்குப்பிள்ளை மாதிரி ஆரம்பிச்சவர்தான். கணக்கு எழுதுற கை நடந்ததையும் சேர்த்து எழுத ஆரம்பிச்சா அது பெரிய காரியம்." ஊருக்குத் திரும்பிய அன்றே, காய்க்கணக்குக்குக் கீழே ஒரு வரி விட்டு, அன்று கண்ணில் பட்ட ஒன்றை எழுதினேன்: "புதுச்சேரியிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் ஒரு அம்மா, மடியில் கோழிக்குஞ்சுக் கூடை. குஞ்சு கத்தும்போதெல்லாம் சேலையால் மூடி 'தோ வந்திருச்சு, தோ வந்திருச்சு' என்று சொல்லிக்கொண்டே வந்தார்." இதை எழுதாமல் விட்டிருந்தால் அந்த அம்மா என் வாழ்க்கையிலேயே வராதவர் ஆகியிருப்பார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு முறை அமைந்தது. யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ஒரு எண், ஒரு காட்சி. எண் எதுவாகவும் இருக்கலாம், கூலி, மழை, பிள்ளையின் மார்க், நடந்த தூரம். காட்சி கண்ணால் பார்த்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். "இன்று மனசு சரியில்லை" என்று எழுதினால் ஐந்து வருடம் கழித்துப் படிக்கும்போது அந்த வரி எதையும் திருப்பித் தராது. "சாயங்காலம் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யாரிடமும் பேசவில்லை" என்று எழுதினால் அந்தக் கிணற்றுத் திட்டின் சூடு வரைக்கும் திரும்பி வரும். விட்டுப்போன நாளை மறுநாள் உட்கார்ந்து நிரப்பமாட்டேன். பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். வெறும் பக்கத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது, அன்று எதுவோ என்னை எழுத விடவில்லை என்று அது சொல்லும்.

அப்பாவின் காலுக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. 2014 ஆவணியில் வலது காலில் புண் வைத்து வீங்கி, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?" அம்மா ஒரு வாரம் என்றார். அப்பா நாலு நாள் என்றார். ஊருக்குப் போன் போட்டு, பிள்ளையை விட்டு டைரியைப் படிக்கச் சொன்னேன். ஆடி 22, ஆகஸ்ட் 7-ஆம் தேதிப் பக்கத்தில் இருந்தது: "வெட்டு 2,310 காய். மட்டை இழுக்கும்போது அப்பா வலது கால் கட்டைவிரலில் ஈர்க்குக் குச்சி ஏறியிருந்தது. நான்தான் பார்த்துச் சொன்னேன். வலிக்கவே இல்லை என்றார்." மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. டாக்டர் தேதியைக் குறித்துக்கொண்டு, "வலிக்கலைன்னு எழுதிவெச்சிருக்கீங்களே, அதுதான் முக்கியம்" என்றார். சர்க்கரையால் காலில் உணர்ச்சி போயிருந்ததால்தான் குச்சி ஏறியதே தெரியவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று, கால் தப்பியது.

அதிலிருந்து வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, சர்க்கரை எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை எல்லாம் டைரியின் கடைசிப் பக்கங்களில் தனியாக இருக்கிறது. இதை மட்டும் செய்தால்கூடப் போதும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வேறொன்றும் எழுத வராதவர்கள் இதை எழுதுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் தினமும் ராத்திரி காலைத் திருப்பிப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள்.

பத்து மாதம் கழித்து அப்பா போனார். அந்தப் பக்கத்தில் நேரம் மட்டும் எழுதியிருக்கிறேன்.

கஜா புயல் 2018 நவம்பர் 15 ராத்திரி. அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது: "ரேடியோவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறும் என்கிறார்கள். மாட்டை அவிழ்த்துப் பள்ளிக்கூடச் சுவர் ஓரம் கட்டியாயிற்று. மோட்டார் கொட்டகைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டினேன். காற்று இல்லை. தோப்பு ரொம்ப அமைதியாக இருக்கிறது." நள்ளிரவு தாண்டிக் கரை கடந்தது. எங்கள் பக்கம் அதற்குப் பிறகுதான் பேய்க்காற்று. மரம் முறியும் சத்தம் முதலில் ஒவ்வொன்றாகக் கேட்டது, பிறகு எண்ண முடியவில்லை. 16-ஆம் தேதிப் பக்கத்தில் ஒரே வரி: "நிற்கிற மரம் 31."

208-ல் 31.

அந்த நேரத்தில் டைரி செய்த முதல் உதவி, வழக்கம்போல, கணக்கு. விழுந்த தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்களோடு தோப்புக்குள் போனால், மரம் மேல் மரம் விழுந்து, வேர் ஒரு பக்கம் தலை ஒரு பக்கம், எது ஒன்று எது இரண்டு என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் வரிசை வாரியாக மரத்துக்கு நம்பர் போட்ட படம் இருந்தது, 2009 டைரியின் நடுப்பக்கத்தில். வரிசையாக நடந்து, நிற்கிறதுக்கு வட்டம் போட்டு, மிச்சத்தை எண்ணினோம். வந்த தம்பி, "எல்லாத் தோப்புலயும் இப்படி ஒரு படம் இருந்தா எங்க வேல முடிஞ்சிரும்" என்றார். இன்றைக்கே உங்கள் தோப்புக்கோ கொல்லைக்கோ ஒரு படம் வரைந்து வையுங்கள். அரைமணி நேர வேலை.

ஆனால் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. ராத்திரியில் கண்ணை மூடினால் முறிகிற சத்தம். சாப்பாடு இறங்கவில்லை. யார் என்ன கேட்டாலும் "பரவால்ல" என்றுதான் வாயில் வந்தது. தென்னை ஒரு வருடப் பயிர் கிடையாது. இன்றைக்குக் கன்று வைத்தால் நான்கைந்து வருடம் கழித்துத்தான் பாளை. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு டைரியைத் திறந்தேன். எழுத எண் ஒன்றும் இல்லை. வெட்டு இல்லை, கூலி இல்லை, தண்ணீர் இல்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "17-ஆம் நம்பர் மரம்" என்று எழுதினேன்.

17 வாய்க்கால் பக்கம் சாய்ந்து வளர்ந்த மரம். தம்பி பிறந்த வருடம் அம்மா நட்டது. சின்ன வயதில் அதன் சாய்மானத்தில் ஏறித்தான் நாங்கள் இரண்டு பேரும் வாய்க்காலில் குதிப்போம். ஏறுகிறவர்களுக்கு அது பிடிக்காது, வழுக்கும். காய் சின்னது, பருப்பு கெட்டி. அம்மா சட்னிக்கு அந்த மரத்துக் காயைத்தான் கேட்பார். அது முறியவில்லை, வேரோடு பெயர்ந்து வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி கிடந்தது. இதையெல்லாம் எழுதினேன். எழுதி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். புயல் அடித்து ஐந்தாம் நாள் அது, அதுவரை அழவில்லை.

மறுநாள் 42-ஆம் நம்பர் மரம். அதற்கடுத்த நாள் 43. ஒரு நாளுக்கு ஒரு மரம், நட்டது யார், எப்போது காய்த்தது, எந்தக் கல்யாணத்துக்கு இளநீர் கொடுத்தது, எந்த வண்டு அரித்தது, எப்படி விழுந்தது, அதைப் பார்க்க எனக்கு எப்படி இருந்தது. எழுதின அன்றைக்குப் பாரம் கூடினது போலத்தான் இருந்தது. இது எதற்கு என்று என் மனைவி கேட்டார். "ஏங்க, போனத எழுதி எழுதி ஏன் நோகுறீங்க?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. மாதம் ஒன்று முடிவதற்குள் நர்சரிக்குப் போய் நெட்டை குட்டை ஒட்டுக் கன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.

பிற்பாடு மகள் காலேஜில் படித்ததைச் சொன்னாள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுத வைத்திருக்கிறார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனது கனத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் தங்களுக்குப் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்கிறார்கள். நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அந்த அளவு பலன் தெரியவில்லை. மகள் சொன்னபோது நான் 17-ஆம் நம்பர் மரத்தைத்தான் நினைத்தேன். பதின்மூன்று வருடம் நடந்ததை மட்டுமே எழுதிக்கொண்டிருந்த கை அன்றைக்குத்தான் பட்டதையும் எழுதியது. எழுதுவது மருந்துக்குப் பதில் ஆகாது. எங்கள் ஊரிலேயே புயலுக்குப் பிறகு டாக்டரிடம் போய்த் தேறியவர்கள் இருக்கிறார்கள், போகவேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். எனக்கு அந்தப் பக்கங்கள் கைகொடுத்தன.

பேனா விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது புயல் கற்றுக்கொடுத்தது. ஓடு பறந்து வீட்டுக்குள் மழை இறங்கியதில் பரணில் இருந்த டைரிகள் நனைந்துவிட்டன. சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய வருடங்கள் ஊறிக் கிடந்தும் படிக்க முடிந்தது. 2011-ல் மகள் கொடுத்த ஜெல் பேனாவில் ஆசையாக எழுதியிருந்தேன். அந்த வருடத்தில் பாதி, நீலக் கறையாக இருக்கிறது. இப்போது பால்பாயிண்ட் தவிர வேறு தொடுவதில்லை. டைரிகள் பரணில் இல்லை, தகர டிரங்குப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். வருடக் கடைசியில் முக்கியமான பக்கங்களை மகள் செல்போனில் படம் பிடித்து வைத்துவிடுகிறாள்.

அந்த நனைந்த டைரிகளைக் காயவைத்ததில்தான் இன்னொன்று நடந்தது.

டிசம்பர் முதல் வாரம், வெயில் வந்ததும் முற்றத்தில் பாய் விரித்து டைரிகளைத் திறந்து வைத்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததால் ஈர்க்குக் குச்சியை நடுவில் விட்டு ஒவ்வொரு தாளாகப் பிரிக்க வேண்டும். பிரித்துக்கொண்டே படித்தேன். 2014, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் வந்தன.

இதைப் படித்த சமயத்தில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. 2016-ல் ஆஸ்பத்திரிக் கடனைப் பிரிக்கும்போது வந்த சண்டை. அவனுக்குப் பட்டுக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை. பாதிக் கடனை ஏற்கமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை, கொஞ்சம் நாள் கேட்டான். நான் நாலு பேர் நடுவில் சொன்னேன், "அப்பாவ பத்தொன்பது நாளும் ஆஸ்பத்திரியில கெடந்து பாத்தவன் நான், காசாவது குடு." அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போனான். பணத்தை மூன்று மாதத்தில் ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் போய்விட்டது. புயல் ராத்திரியில்கூட அடுத்த தெருவில் இருந்த அவனைப் போய்ப் பார்க்கவில்லை.

பத்தொன்பது நாளும் நான்தான் பார்த்தேன் என்று நான் சொன்னது பொய்யென்று எனக்குத் தெரியாது. உண்மை என்றே நம்பினேன். ஈரத் தாளைப் பிரித்தேன். "செப். 3. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், நாளை வெட்டு. தம்பி இருந்தான்." அடுத்த தாள். "செப். 4. வெட்டு 2,190. தம்பி இருந்தான்." அடுத்த தாள். "செப். 5. வியாபாரி பணம் தரவில்லை, அலைச்சல். தம்பி இருந்தான்." என் கையெழுத்து. எண்ணினேன். பத்தொன்பது ராத்திரியில் பன்னிரண்டு அவன். பகல் முழுக்கப் பட்டறையில் நின்றுவிட்டு, சாயங்கால பஸ் ஏறித் தஞ்சாவூர் போய், விடியற்காலை பஸ்ஸில் திரும்பி, மறுபடி பட்டறை. எனக்கு இருந்த ஏழு ராத்திரியும் ஞாபகத்தில் வளர்ந்து வளர்ந்து பத்தொன்பதாகிவிட்டது. அவனுடைய பன்னிரண்டு, என் கையாலேயே எழுதியும், எனக்குள் இல்லாமல் போய்விட்டது.

தாள் முழுதாகக் காயவில்லை. அப்படியே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் தம்பி மனைவி பார்த்துவிட்டு, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவனைக் கூப்பிட்டாள். வந்தான், நின்றான். டைரியைக் கொடுத்தேன். "படி" என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து, ஒட்டிய தாளை நகத்தால் மெதுவாகப் பிரித்துப் பிரித்துப் படித்தான். ஒவ்வொரு "தம்பி இருந்தான்" மேலும் விரல் நின்று நகர்ந்தது.

"பன்னெண்டு நாளா?"

"பன்னெண்டு."

"நான் எண்ணலையேண்ணே" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேனா கேட்டான். என் சட்டைப்பையில் இருந்த பால்பாயிண்டைக் கொடுத்தேன். செப்டம்பர் 9-ஆம் தேதிப் பக்கத்தைத் தேடி எடுத்தான். அதில் நான் காய் பாக்கியை எழுதி, கீழே தம்பி இருந்தான் என்று மட்டும் போட்டிருந்தேன். ஈரத் தாள் கிழியாமல், அழுத்தாமல், அதற்குக் கீழே அவன் எழுதினான்:

"அன்னைக்கு ராத்திரி அப்பா தூங்கவில்லை. புதாறில் முதல் முதல் தண்ணி வந்தப்ப ஊரே கரையில் நின்றதைத் தாத்தா சொன்னார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விடிகாலை இட்லி கேட்டார். ரெண்டு சாப்பிட்டார்."